தலைமாட்டுப் புன்னை

என்னைத் திட்டியே வளர்த்த அருமை அக்காவுக்கு,

இந்த முறையும் நீதான் திட்ட வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் உன் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனேன். எல்லாரும் வெள்ளையடித்திருக்கும்போது நம்முடையது மட்டும் புதராகக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? புல் பூண்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் உன் மகள் ஸ்டெல்லா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். "மாமா, தலமாட்டுல ஒரு புன்னச் செடி வச்சிருந்தனே, எங்க?"

"பளிங்குக் கல்லெல்லாம் வாணாம், நெழல் இருந்தா போதும்" என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், உப்புக் காற்றுக்கும் அஞ்சாது என்று புன்னையை வைத்திருக்கிறாள். உன் மூட்டுவலிக்குப் புன்னை எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். எண்ணெயைத் தெரிந்த எனக்கு இலையைத் தெரியவில்லையே, அக்கா.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "நான் வரும்போதே இல்லியேம்மா, காவக்காரர் புல்லு வெட்டுனப்ப போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் நேரே காவல்காரர் அந்தோணியிடம் போய்ச் சண்டை போட்டாள். "நான் ஏம்மா அதப் புடுங்கப் போறேன்?" என்று கேட்டவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சுண்ணாம்பு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு வீராம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போய், விழுந்து கிடந்த புன்னைக் காய்களைப் பொறுக்கி வந்தேன். அப்படியே புதைத்தால் முளைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். காயின் மேல் ஓட்டை மட்டும் மெல்லத் தட்டி உடைக்க வேண்டும், உள்ளே பருப்பில் கீறல் விழக் கூடாது. என் அவசரத்தில் பாதியை நசுக்கிவிட்டேன். மீதியை ஊறவைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் போட்டு, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். ஒன்றே ஒன்று முளைத்திருக்கிறது.

அதை யாருக்கும் தெரியாமல் பழைய இடத்தில் நட்டுவிட்டு, "பாரும்மா, மறுபடி துளுத்துடுச்சு" என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். தலை நரைத்த பிறகும் இந்தத் திருட்டுப் புத்தி எங்கிருந்து வந்தது? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா இன்னமும் அந்தோணியோடு பேசுவதில்லை. என்னிடம் மட்டும், "நீங்க ஒருத்தர்தான் மாமா அம்மாவ மறக்காம பாத்துக்குறீங்க" என்கிறாள். அவள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை உன்னிடம் கூட்டி வருகிறேன். அந்தோணியையும் கூப்பிட்டு, உன்னையும் சேர்த்து மூன்று பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழியை நான் தோண்டுகிறேன். வேர் அசங்காமல் மண்ணோடு எடுத்து வைக்க வேண்டுமாம், அதை அவள் கையால் செய்யட்டும். அதன் பிறகு அவள் என்னோடு பேசாமல் போனாலும், தண்ணீர் ஊற்ற நான் வந்துகொண்டிருப்பேன்.

நீ திருகுவதற்குக் காதை நீட்டிக்கொண்டு நிற்கும்
உன் தம்பி,
சூசை