அக்காவின் கம்ப்யூட்டர் பேசாத நாட்கள்

மார்ச் 2, ஞாயிறு

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து உட்காருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவளும் மாமாவும் கடைக்குப் போயிருந்தார்கள். சும்மா இருந்தேனா? உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று, அவளுடைய கோப்புகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பழைய சிஸ்டத்தை அழித்துப் புதுசு போட்டேன். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளையும் திரும்ப ஏற்றினேன். பறக்கிறது! ஆனால் சத்தம் இல்லை. உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு அரதப் பழசு. புது சிஸ்டத்துக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

பார்வை இல்லாத அக்காவுக்குத் திரையைப் படித்துச் சொல்வதே அந்த மென்பொருளின் குரல்தான். அது இல்லையென்றால் வெறும் தகரப் பெட்டி.

அக்கா வந்து ஹெட்போனை மாட்டினாள். "என்னடா, பேச மாட்டேங்குது?"

"சவுண்ட் கார்டு போயிருச்சுக்கா. நான் ஆன் பண்ணும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மார்ச் 3, திங்கள்

ஏன் பொய் சொன்னேன்? 'நான்தான் கெடுத்தேன், சரி பண்ணித் தர்றேன்' என்று சொல்ல எனக்கு என்ன கேடு? குடும்பத்தில் யாருக்கு எது பழுதானாலும் "தம்பியைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பேர் போய்விடுமாம். பெரிய பேரு!

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து நேராக அக்கா வீடு. அந்தக் கார்டைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். கார்டோடு வந்த டிஸ்க் இருந்தால் பழையபடி ஆக்கிவிடலாம். எங்கே அது? போன வருஷம் அவள் மேஜையை ஒழிக்கிறேன் என்று "இந்தக் குப்பை எதுக்குக்கா" என்று தூக்கிப் போட்டவன் நானேதான். அன்றைக்கும் அவளைக் கேட்கவில்லை.

வெளியே செருகுகிற சின்ன சவுண்ட் கருவி ஒன்று வாங்கி மாட்டினேன். அந்தப் பழைய பெட்டியில் குரல் திக்கித் திக்கி வருகிறது. ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "தலை வலிக்குதுடா, கழட்டு" என்றாள்.

அக்கா பேட்டிகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள். ஓர் ஆராய்ச்சி அலுவலகம் முதல் தடவையாகப் பெரிய வேலை ஒன்றை நம்பிக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு.

மார்ச் 5, புதன்

அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "செத்துப்போன கார்டுக்கு ஏன்டா இவ்வளவு தட்டுறே?"

"வேற ஏதாவது பொருந்துமான்னு தேடுறேன்."

"ம்" என்றாள். அந்த "ம்" வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மார்ச் 6, வியாழன்

இன்று என் எதிரிலேயே அந்த அலுவலகத்துக்கு போன் போட்டாள்.

"சவுண்ட் கார்டு போயிருச்சு சார்... இல்ல சார், யாரும் ஒண்ணும் பண்ணலை. பழசு இல்லையா, அதுவாவே போயிருச்சு."

என் பொய்யை அவள் வாயால் கேட்டேன். சீ! எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா சொன்னாள், அலுவலகத்தில் இன்னும் ரெண்டு நாள் பார்ப்பார்களாம். அதற்குள் முடியாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் சத்தம் வரவில்லை.

மார்ச் 8, சனி

அக்கா வீட்டிலிருந்தே, அவள் கம்ப்யூட்டரில், இணைய உதவிக் குழு ஒன்றில் எழுதிப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். முகம் தெரியாதவர்களிடம் உண்மை எவ்வளவு சுலபமாக வருகிறது! எழுதி முடித்ததும் அக்காவைப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் பதில் வந்திருந்தது. இதே குடும்பத்துக் கார்டு ஒன்றை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டு, அதன் எண் இருக்கும் இடத்தில் நம் கார்டின் எண்ணை எழுத வேண்டுமாம். 'இந்தக் கார்டு முதலில் வாயை மூடிக்கொண்டுதான் வரும், ஒலியளவை நீங்களே தூக்கிவிடுங்கள்' என்றும் ஒரு வரி.

சோதித்துப் பார்க்க ஸ்பீக்கரை மாட்டினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா டீ கொண்டுவந்து வைத்தார். ஒலியளவை முழுசாகத் தூக்கினேன்.

பேசியது! இத்தனை நாளும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்த அந்தக் குரல், திரையில் திறந்து கிடந்ததைப் புள்ளி, குறி விடாமல் படித்தது. திறந்து கிடந்தது நான் எழுதிப் போட்ட பக்கம்.

"அக்காவுக்குக் கண் தெரியாது முற்றுப்புள்ளி. அவளைக் கேட்காமல் அவள் கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் போட்டேன் முற்றுப்புள்ளி. கார்டு தானாகப் போய்விட்டது என்று பொய் சொல்லியிருக்கிறேன் முற்றுப்புள்ளி."

விசைப்பலகை தடதடக்க, என் கை சத்தத்தை அமுக்கப் பாய்ந்தது. ஒரு வாரமாக எந்தச் சத்தத்துக்காக நாயாய் அலைந்தேனோ, அதை!

"கையை எடு" என்றாள் அக்கா. "முழுசா படிக்கட்டும்."

"அவள் என்னை நம்புகிறாள் முற்றுப்புள்ளி. தயவுசெய்து உதவுங்கள் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி."

தரை பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். மாமா மெதுவாக, "டீ ஆறுது மச்சான்" என்றார்.

அக்கா சொன்னாள்: "கார்டுக்கு உயிர் இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. ஆன் பண்ணா ஹெட்போன்ல 'டப்'புன்னு ஒரு சத்தம் வரும். அது ஒரு நாளும் நிக்கலை."

"அப்போ ஏன்க்கா அந்த ஆபீஸ்ல..."

"பின்னே? என் தம்பிதான் கெடுத்தான்னு ஊரார்கிட்ட சொல்லவா?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

மார்ச் 10, திங்கள்

அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். "கார்டு தானா போகலை சார். நான்தான் கெடுத்தேன். அக்கா மேல தப்பில்லை." அவர், "சரிங்க, மிச்சம் எப்ப வரும்?" என்றார். பாதிப் பேட்டிகள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. போனது போனதுதான்.

மார்ச் 22, சனி

அக்கா போன் செய்தாள். ஏதோ அப்டேட் வந்திருக்கிறதாம்.

"இதோ வர்றேன்க்கா."

"வராதே. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு, நான் அமுக்கிக்கிறேன்."

சொன்னேன். பின்னால் அந்தக் குரல் ஒவ்வொன்றாகப் படிப்பது போனில் கேட்டது. "உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யப்படும் முற்றுப்புள்ளி. சம்மதமா கேள்விக்குறி."

அக்கா சிரித்தாள். "பாத்தியாடா, இதுகூட கேட்டுட்டுத்தான் செய்யுது."

"ஆமாக்கா" என்றேன்.