நடக்காமல் போன இரண்டாவது சண்டை

மச்சான்,

இன்று காலை ஈப்போ பஸ் நிலையத்துக்கு முன், சிவப்பு விளக்கில் ஒரு லாரி நின்றது. மேலே தார்ப்பாய், அடியில் ரப்பர்த் தோட்டத்து ஒட்டுப்பால். பல நாள் ஊறிய அந்த நாற்றம் வீதி முழுக்க இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. லாரி போன பிறகும் அங்கேயே நின்றேன். உன் குத்துச்சண்டைக் கையுறைக்குள் இதே நாற்றம்தான் இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பால் வெட்டுகிறவன் கையை விட்டு அது போகாது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நம் வாக்குவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

கமுந்திங் ஊர்க்காரனோடு நீ மோதிய முதல் சண்டைக்குத் தோட்டமே இரண்டு லாரியில் ஈப்போவுக்கு வந்தது. மூன்றாவது சுற்றில் அவனுடைய இடது கை உன் தாடையில் இறங்கியது. விழுந்தாய், எழுந்தாய், கடைசி மணி வரை நின்றாய். புள்ளியில் தோற்றாய். தீபாவளி கழித்து மறுபடியும் மோதுவது என்று அன்றே பேசி முடித்தார்கள்.

அன்று ரிங்கில் உன் மூலையில் வாளியும் துண்டுமாக நின்றவன் தோட்ட ஆபீஸ் கிராணியின் மைத்துனன். ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒவ்வொரு குத்துச்சண்டைச் செய்தியையும் இரண்டு வருஷம் உனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவன் நான். கிராணி மனது வைத்தால்தான் பயிற்சிக்கு லீவு கிடைக்கும் என்று அவனைச் சேர்த்துக்கொண்டாய். காரணம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆறிவிடவில்லை. அவனை இன்றைக்கும் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

அந்தக் கோபத்தோடுதான் சுங்கை சிப்புட்டில் நானாவின் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீயும் இருந்தாய்.

"இந்த தடவ நம்மாளு ரெண்டாவது ரவுண்டுலயே படுக்க வச்சிருவான், பாருங்க," என்றார் நானா, தே ஆற்றிக்கொண்டே.

"படுக்கப்போறது யாருன்னுதான் கேள்வி, நானா," என்றேன்.

"ஏன்லா அப்படிச் சொல்றே?" என்று நீ சிரித்தாய்.

நான் எழுந்தேன். கடைத் தூணை மரமாக்கிக்கொண்டேன், தேக்கரண்டியைக் கத்தியாக. "பால் மரத்துல கோடு எப்படி இறங்குது? இடது மேல, வலது கீழ. கத்திய இழுத்துக்கிட்டே வலது பக்கம் நகரணும். இவன் பன்னெண்டு வயசுலேர்ந்து அப்படித்தான் நகர்றான். ரிங்குலயும் அதேதான். கமுந்திங்காரனோட இடது கை எங்க இருக்கு? இவன் போற பக்கத்துல. தானா போயி வாங்கிக்கிறான்லா!"

கடையே சிரித்தது. "அப்ப தாடைக்குக் கீழ பால் பிடிக்கிற மங்கு ஒண்ணு கட்டி விடுங்கண்ணே, சிந்தாம பிடிச்சிக்கலாம்," என்றான் லாரிக்காரன் ஒருவன். இன்னும் பலத்த சிரிப்பு. நீ தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

முதல் சண்டை முடிந்த அன்றே எனக்கு அது தெரியும். திரும்பும் லாரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கடையைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு நீ செய்ததை வேறு எந்த ஊர்ச் சண்டைக்காரனும் செய்திருக்க மாட்டான். கால் பழக்கத்தை மாற்ற உன் மர நிரையிலேயே தலைகீழாக வெட்ட ஆரம்பித்தாய். கோட்டின் கீழ் முனையில் கத்தியை வைத்து, மேல் நோக்கித் தள்ளிக்கொண்டு, இடது பக்கமாக நகர்ந்தாய். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. பால் மங்குக்கு வராமல் மரமெல்லாம் வழிந்தது. நாலாவது நாள் கங்காணி பார்த்துவிட்டார். முப்பது மரத்தில் காயம். வேலை போயிற்று, அதோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போயிற்று. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இரண்டாவது சண்டை அதோடு நின்றுபோயிற்று.

கடைசியில் காவல் நிற்கும் ஜாகா வேலை கிடைத்தது கமுந்திங் தொழிற்பேட்டையில். அவன் ஊரிலேயே! உனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை கோப்பிக்கடை. சந்தித்த கால் மணி நேரத்துக்குள் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "அந்தச் சண்ட நடந்திருந்தா, மச்சான்?" என்று கேட்பாய். "மூணாவது ரவுண்டுல விழுந்திருப்பே," என்பேன். "இல்லலா, நான் இடது பக்கம் போயிருப்பேன்," என்பாய். ஒரு தடவை "சரி, நீதான் ஜெயிச்சிருப்பே" என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? நான் வேலை பார்த்த ஆபீஸில் படிப்புக்கு ஏற்ற பதவியை எனக்குக் கொடுக்காமல் என்னைவிடச் சின்னவனுக்குக் கொடுத்தார்கள். அந்த வாதத்திலாவது நான் தோற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சு எலும்பு எண்ணும்படி இருந்தது. "இப்பவாச்சும் சொல்லேன்லா. யாரு?"

"புள்ளியில அவன்தான்," என்றேன்.

சிரித்தாய். "நீ மாற மாட்டே, மச்சான்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஆறாம் நாள் செய்தி வந்தது.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கங்காணி உன்னைப் பிடிப்பதற்கு முந்தின நாள், ஈப்போ பஸ்ஸுக்குக் குறுக்கு வழியில் போகும்போது உன் நிரையைக் கடந்தேன். நீ வெட்டி முடித்து, கத்தியை வாளியில் போட்டுவிட்டு, ஒரு மரத்தின் முன் கையை உயர்த்தி நின்றாய். நகர்ந்தாய். இடது பக்கம். மறுபடியும் இடது பக்கம். சருகுகூடச் சத்தம் போடவில்லை. அப்படி ஒரு கால் நகர்வை நான் வாசித்த எந்தச் செய்தியும் எனக்குக் காட்டியதில்லை. கோடு கெட்டு வழிந்துகொண்டிருந்த பாலையும் பார்த்தேன். மாட்டிக்கொள்வாய் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

மூலையில் என்னை நிறுத்தாததற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

மூன்றாவது சுற்று. மண்டபத்தில் நம் தோட்டத்துச் சத்தம். கமுந்திங்காரனின் இடது தோள் லேசாக இறங்குகிறது. நீ எந்தப் பக்கம் வருவாய் என்று அவனுக்குத் தெரியும், முழு பலத்தோடு அந்த இடத்தில் குத்துகிறான்.

நீ அங்கே இல்லை, மச்சான்.