புதுக் குளியலறையின் சாவி

டூரின்,
6 ஏப்ரல் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அடுத்த வருஷ ஈஸ்டருக்கு உன் மருமகன் எத்தோரேயின் அப்பா அம்மா நம் வீட்டுக்கு வருகிறார்கள். நான்கு நாள் தங்குவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் முற்றத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனார்களே, அதுபோல இல்லை.

அதற்குள் வீட்டைச் சரிசெய்தாக வேண்டும். கொத்தனார் டோடெரிடம் பேசிவிட்டேன். மாடியில் ஒரு குளியலறை, கீழே ஒன்று. சமையலறையில் அந்தப் பழைய செங்கல் அடுப்பு வேண்டாம். எல்லாம் வெள்ளை டைல், பூப்போட்டது கூடாது. தோட்டத்துக் கழிப்பறையைக் கட்டாயம் இடிக்கச் சொல். அது அவர்கள் கண்ணில் படவே கூடாது அம்மா.

உன் மகள்,
டொய்னா


வாலேனி,
19 அக்டோபர் 2003

என் கண்ணே டொய்னா,

ஒருவழியாக வேலை முடிந்தது. ஐந்து மாதமாகத் தின்ற ரொட்டியில்கூட சிமெண்ட் வாசனை. அடுப்பை உடைத்த அன்று மட்டும் நான் சந்தைக்குப் போய்விட்டேன். உன் அப்பா கட்டியது, அடி விழுகிற சத்தத்தைக் கேட்க மனசில்லை.

டோடெரின் வாய்தான் உனக்குத் தெரியுமே. "சாஃப்தா அக்கா, நீ ஒண்டிக்கட்டை. ரெண்டு குளியலறை எதுக்கு? காலைல மேல, சாயங்காலம் கீழயா?" என்றான். "உனக்கு ஏன்டா வயிறு எரியுது? சம்பந்தி வராங்கடா," என்றேன். ஊர்ப் பெண்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஃப்ளோரியா குழாயைத் திறக்கப் போனாள், கையைத் தட்டிவிட்டேன்.

என் கல்யாணப் பெட்டியிலிருந்த பூவேலைத் துண்டுகளை உள்ளே மாட்டியிருக்கிறேன். விருந்தாளிக்கான நல்ல அறையை எப்படி வைத்திருப்போமோ அப்படியே இருக்கிறது. சாவிகள் என் இடுப்பில் பத்திரம். தோட்டத்துக் கழிப்பறையை ஈஸ்டருக்கு முந்தின வாரம் இடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் வந்துவிட்டுக் கிளம்பும்போது உன் மாமியார் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாளே, ஏன்? முகத்தில் அத்தனை இரக்கம். விடியற்காலையில் எழுந்து முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துப் பானை நிறைய சர்மாலே சுற்றி வேகவைத்திருந்தேன். ஒன்றைக்கூட யாரும் வாயில் வைக்கவில்லை. இந்தத் தடவையாவது சாப்பிடுவார்களா?

அம்மா,
சாஃப்தா


வாலேனி,
11 பிப்ரவரி 2004

டொய்னா,

கையெழுத்து டோடெருடையது, பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு முறிந்தது, இடுப்பெலும்பில் விரிசல். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ளோரியா கஞ்சி வைத்துத் தருகிறாள். ஈஸ்டருக்குள் எழுந்துவிடுவேன். அவர்களை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா

டொய்னா, இனி டோடெர் எழுதுகிறேன். அக்கா கண்ணயர்ந்துவிட்டாள். எங்கே விழுந்தாள் என்பதை அவள் எழுத விடவில்லை. தோட்டத்துக் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான். நான் கட்டிய இரண்டு அறைக்குள்ளும் அவள் இன்றுவரை காலெடுத்து வைக்கவில்லை. சமையலும் கொல்லைக் கொட்டகையில்தான். "பூட்டி வச்சுக் கும்புடவா அக்கா கட்டினேன்?" என்று சத்தம் போட்டேன். "அது அவங்களுக்குக் கட்டினதுடா. நான் பொழங்கி அழுக்காயிட்டா என் பொண்ணுக்கில்ல தலைகுனிவு," என்றாள். அவளைத் தூக்கி வண்டியில் வைத்தபோதும் சாவிக்கொத்து இடுப்பில்தான் இருந்தது.


டூரின்,
22 பிப்ரவரி 2004

அம்மா,

சாவி இடுப்பில் பத்திரம் என்று அக்டோபரிலேயே எழுதியிருந்தாய். படித்துவிட்டு, டைல் நேராக ஒட்டியிருப்பார்களா என்றுதான் யோசித்தேன். நான் எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்க்கிறேன். உனக்குக் குளிக்க, உனக்குச் சமைக்க என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். அன்று காரைவிட்டு இறங்கியதும் மாமியார் என் காதோரம் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பலகைக் கதவை அவளுக்குத் திறந்துவிட என்னால் முடியவில்லை. "அம்மாவுக்கு ரொம்ப முடியல, தொந்தரவு பண்ண வேணாம், கிளம்பிடலாம்," என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். உனக்குப் புரியாது என்ற தைரியத்தில் உன் எதிரிலேயே சொன்னேன். அதனால்தான் அவள் காய்ச்சல் இருக்கிறதா என்று உன் நெற்றியைத் தொட்டாள்.

போகிற வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அங்கிருந்த கழிப்பறை நம்முடையதைவிட மோசம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கேட்கிறாள், "உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று. "தேவல," என்கிறேன். வெட்கமாக இருக்கிறது அம்மா. அன்று உன்னை நினைத்து வெட்கப்பட்டேன், இன்று என்னை நினைத்து. தயவுசெய்து கதவைத் திற. அது உன் வீடு.

டொய்னா


வாலேனி,
14 மார்ச் 2004

டொய்னாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். முழுதாகத் தணியவில்லை.

உன் மாமியார் என் முகத்தில் சாவைப் பார்த்துவிட்டாள் என்றே ஏழு வருஷமாக நினைத்திருந்தேன். அந்த மாதமே நான் சாகும்போது உடுத்த வேண்டிய பாவாடை, சட்டை, தலைத்துணி எல்லாம் தைத்துப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். உனக்கு எழுதினால் கலங்குவாய் என்று சொல்லவில்லை.

நேற்று ஃப்ளோரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்க் கீழ் அறையைத் திறந்தேன். குழாயைத் திருப்பியதும் வெந்நீர் வந்தது. கால் கழுவிப் பூவேலைத் துண்டில் துடைத்துக்கொண்டேன். டோடெர் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். தோட்டத்துக் கழிப்பறையை இடிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அது பாட்டுக்கு நிற்கட்டும்.

ஈஸ்டருக்கு அவர்களைக் கூட்டி வா. கை சரியாகாவிட்டாலும் ஃப்ளோரியாவை வைத்து சர்மாலே செய்துவிடுவேன். ஆனால் உள்ளே வருவதற்கு முன்னால் முற்றத்தில் அன்று நின்ற அதே இடத்தில் உன் மாமியாரை நிறுத்தி, அன்று அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நீயே சொல். இத்தாலிய மொழியிலேயே சொல். எனக்குப் புரியும்.

அம்மா