வெள்ளிக்கிழமையை யார் வேண்டாம் என்றது?

பாய்,

வீடெல்லாம் புகையிலை நாற்றம். காலையில் ஒரு வாளித் தண்ணீரில் புகையிலையை ஊறப்போட்டு, இரண்டு ஜோடி காலுறைகளை முக்கியெடுத்துக் கொடியில் காயப்போட்டேன். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னா மாமா இது, வீட்டுல மனுசங்க இருக்க வேணாமா?"

காட்டு அட்டைக்கு இதுதான் மருந்து என்றேன்.

"எந்தக் காட்டுக்கு? இந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதனால் என் கோபமெல்லாம் உங்கள் மேல் திரும்பியது.

இதை எழுதுவது நானேதான். பேரன் எழுதவில்லை, சவரி எழுதவில்லை. நீங்கள் போன பிறகு, நம் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் என் பேச்சு தாளில் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். இதுவரை எழுதவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஆகட்டும். ஒன்பது வருடம் நீங்கள் பேசினீர்கள், நான் கேட்டேன். இன்றைக்கு நீங்கள் கேளுங்கள்.

பசார் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் தேநீர்க் கடையில், காலண்டருக்குக் கீழே நாம் மூவர் உட்கார்ந்திருப்போம். காய்கறி லாரியில் மூட்டை இறக்கி ஓய்ந்தவன் நான். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் சவரி. நீங்கள் மட்டும் ஓயவே இல்லை. இளவயதில் மலைக்காட்டில் பார்த்த அருவிகளைப் பற்றி ஆரம்பிப்பீர்கள்.

"ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு, தம்பி. மூணாவதுக்குப் போயி நின்னா பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. நிம்மதி."

நடந்தால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அதற்கு ஒன்பது வருட ஏற்பாடு! நாசி லெமாக் சோறு மூன்று பொட்டலம் போதும் என்பான் சவரி. உங்களுக்குப் போதாது. அடுப்பு, கெண்டி, ஒரு பானை நெய்ச்சோறு, அதற்கு மூடி, மூடிக்கு மேல் கட்டத் துணி.

"பாய், நாம காட்டுக்குப் போறோமா, கந்தூரி விருந்துக்குப் போறோமா?" என்று சவரி கேட்டதற்கு நீங்கள் சிரிக்கக்கூட இல்லை.

"ஏற்பாடு சரியா இருந்தா பாதி மலை ஏறின மாதிரிலா."

அந்தப் பாதி மலையைத்தான் ஒன்பது வருடமாக உட்கார்ந்தபடியே ஏறினோம்.

அடுத்தது நாள். பென்சிலை எடுத்துக் காலண்டரில் ஒவ்வொன்றாக அடிப்பீர்கள். ஞாயிறு சவரிக்குப் பூசை. செவ்வாய் எனக்கு விரதம். வெள்ளி உங்களுக்குத் தொழுகை. சனிக்கிழமை பசாரில் கூட்டம். மிச்ச நாள்களில் கடையைப் பார்த்துக்கொள்ள உங்கள் மச்சான் வரமாட்டார், வந்தால் மழை பெய்யும். நோன்பு மாதம், தவக்காலம், தைப்பூசம் எல்லாம் தனி. கடைசியில் போன வருடம், மச்சானைக் கெஞ்சி ஒரு சனிக்கிழமையைப் பிடித்தீர்கள். அதற்கு முன் வந்த புதன்கிழமை, கடையில் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இப்படி யாராவது செய்வார்களா, பாய்?

இப்போது சவரியும் போகிறான். மகன் அவனைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. இந்த ஞாயிறு பூசை முடிந்து கிளம்புவதாக இருந்தது. அதனால் சனிக்கிழமை நாங்கள் இருவரும் அருவிகளுக்குப் போவது என்று முடிவு செய்தோம். வழி கேட்டாயிற்று, கைத்தடி வாங்கியாயிற்று. இன்று மதியம் அவன் போன் செய்தான்.

"அண்ணே, மவன் முன்னாடியே வர்றான். சனிக்கிழம காலையிலயே கிளம்பணுமாம்."

இனி சவரி பினாங்குக்கு வருவது எப்போது, வந்தாலும் மலை ஏறுவது எப்போது?

"நாளைக்கே போயிடலாம்ணே" என்றான்.

"நாளைக்கு வெள்ளிடா."

"அதான் பாய் இல்லையே, அண்ணே."

நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் போனதால் காலியான நாளில் நான் எப்படிப் போய் நிற்பேன்?

ஆத்திரம் அடங்காமல் தாளை எடுத்தேன். நாள்களை ஒவ்வொன்றாக எழுதினேன். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அதை வேண்டாம் என்றது யார் என்று பெயர் எழுதினேன். ஞாயிற்றுக்கு எதிரே சவரி என்று எழுதப் போனவன் நின்றேன். அவன் சொல்லவில்லை. "சவரிக்குப் பூசை இருக்கு, விடு" என்று சொன்னது நீங்கள். அவன் பூசை எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். செவ்வாய் ஆகாது என்றவன் சவரி. என் விரதத்துக்கும் மலைக்கும் என்ன சண்டை? சாயங்காலம் கோயிலுக்குப் போனால் போதும்.

வெள்ளிக்கு எதிரே எழுதப் பெயரே இல்லை. வெகுநேரம் யோசித்தேன். முதல் வருடம், "பாய்க்கு வெள்ளி ஆகாது" என்று சொன்னவன் நான். நீங்கள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து அடித்தீர்கள். உங்கள் கடைக்கு விடுமுறையே வெள்ளிக்கிழமைதான். தொழுகை மதியம் ஒரு மணிக்கு மேல். விடிந்ததும் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம்.

மரியாதை என்று நினைத்து ஒருவருடைய கிழமையை மற்றவர் பூட்டிவைத்தோம். ஒருவனும் வாய் திறந்து கேட்கவில்லை. நான்தான் மூட்டை தூக்கிய முட்டாள். அத்தனை பேரோடு வியாபாரம் செய்த நீங்களாவது, "காலையில போலாமே தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் மனம் நோகும் என்று நினைத்தீர்களா? இதைவிடவா நோகப்போகிறது?

சவரிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குப் போறோம். ஆறரைக்குக் கீழ வந்து நில்லு. எங்க இருந்தாலும் பன்னெண்டுக்குள்ள திரும்பி வந்துடணும்."

"உங்க முட்டிக்கு ரெண்டாவது அருவியோட நேரம் முடிஞ்சிடும்ணே. மூணாவதப் பாக்கவே முடியாது. பன்னெண்டுக்கு அப்படி என்னா அவசரம்?"

"வெள்ளிக்கிழமைடா."

சவரி உடனே கணக்குப் போட்டான்.

"அப்ப பன்னெண்டு பத்தாதுண்ணே. பாய் குளிச்சு, சட்ட மாத்தணும்ல. பதினொண்ணரைக்கே வந்துடணும்."

பதினொன்றரை என்று எழுதிவைத்திருக்கிறேன், பாய்.