அப்பா வெள்ளையடித்த போர்க்காலக் கட்டடம்

சனிக்கிழமை இரவு

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். இன்னும் அடி விழவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் சிரிப்பும் வருகிறது.

எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லை நடுவில் உலகப்போர் சமயத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடம் ஒன்று உண்டு. அதை வீடியோ எடுக்க இன்று ஒரு கலைஞர் அக்கா வந்தார். ஊருக்கு விருந்தாளி வருகிறாரே என்று, பெயிண்டரான என் அப்பா நேற்றே அதற்கு முழுக்க வெள்ளையடித்துவிட்டார். வாசலில் மாவிலைத் தோரணம் வேறு.

அக்கா கேமராவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் கரி புடிச்ச சுவரைத்தாண்ணே எடுக்க வந்தேன்," என்றார். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

அந்தச் சுவர் என்னிடம் இருந்தது. நேற்றுக் காலை, வேலை தொடங்குமுன் அப்பா சட்டையோடு கழற்றி வெளியே வைத்திருந்த போனில் திருட்டுத்தனமாக வீடியோ எடுத்தேன். பரீட்சை முடியும்வரை நான் தொடக்கூடாத போன். சொன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லிவிட்டேன்.

வீடியோவில் கரிச்சுவர், உள்ளே கட்டியிருந்த ஆடுகள், சுண்ணாம்பு கலக்கிக்கொண்டே ஆடுகளுக்குப் பாடும் அப்பா. அக்கா மூன்று முறை பார்த்தார்.

"இந்த வீடியோவ நாளைக்கு சாயங்காலம் இங்கயே போடலாம். நீங்க அடிச்ச வெள்ளையில படம் பளிச்சுனு விழும்ணே."

ஊரே பார்க்கப்போகிறது. வீட்டில் சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

"போனு விஷயத்த அப்புறம் பேசிக்கிறேன். ஏன்டி, நான் பாடறது இன்னா, அவ்ளோ மோசமாவா கீது?"

இப்போது அடுத்த அறையில் அதே பாட்டை மெதுவாகத் திருத்திப் பாடிப் பார்க்கிறார். வீடியோவில் அது மாறாது என்று நான் சொல்லப்போவதில்லை.