பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து

வடிவுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுச் சங்கரி எழுதுகிறாள். நம் பிள்ளை தினகரன் காரியம் முடிந்து நீ மகள் வீட்டுக்குப் போனபின், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் லோகேஷ் வந்தான். தினகரன் கடைசியாக ஓட்டிப்போய் மோதிய சின்னக் காரைச் சரிசெய்து மருமகள் ஓட்டுகிறாள். அதற்கு முழு இன்சூரன்ஸ் போட்டாச்சு.

"அம்பாசிடர் சும்மாதானே நின்னுக்கினு இருக்குது பெரியப்பா? தேர்ட் பார்ட்டி போதும்பா" என்றான்.

"எங்க வீட்டம்மா இனிமே சின்னக் காருல கால் வெக்க மாட்டா. திரும்பி வந்தா இதுலதான் ஏறுவா. முழுசாவே போடு" என்றேன். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறான்.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நீதான் வைக்கணும். வாங்கி வைத்திருக்கிறேன். காய்ந்துபோனால் வேறு வாங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்