மூன்று அடையாளங்களும் தெரிந்தன

தலிகோட் விமானத் தளம்,
ஹும்லா மாவட்டம்.
மங்சிர் மாதம் 11.

அன்புள்ள ஜுனேலிக்கு,

கோரக் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நம் மகள் சிர்ஜனாவும் நலம். ஹைஃபாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி குறைந்ததா என்று எழுது. நலம் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அதையே எழுதிவிட்டேன்.

பன்னிரண்டு வாரமாக நீ என்னோடு பேசுவதில்லை. மகளோடு பேசுகிறாய், நான் பக்கத்தில் வந்தால் ஃபோனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். நம் விமானி கேப்டன் ரச்னா நாளை எடுத்துப்போய் நேபாள்கஞ்சில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்க கண்ணுக்கு மூணும் தெரிஞ்சுதா இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். நீ வைத்துவிட்டாய். அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். தெரிந்த கதையையே சொல்கிறேன் என்று எரிச்சல்பட்டுக் கிழித்துப் போட்டுவிடாதே.

நம் காஞ்சிரோவா ஏர் கம்பெனிக்கு இந்த வருஷம் இருபத்தாறு வயது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் பிரேம்துவஜ் கார்க்கியும் ஒரு அரிசி வியாபாரியும் சேர்ந்து, யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய விமானத்தை வாங்கி ஆரம்பித்தது. அதற்கு முன்னால் உப்புக்குக்கூட நம் ஆட்கள் பத்து நாள் நடந்தார்கள். பிறகு அரிசி வந்தது, தகரம் வந்தது, பள்ளிக்கூடப் புத்தகம் வந்தது, வாக்குப்பெட்டி வந்தது. மூட்டைக்குக் கூலி கேட்பார்கள் என்று உன் சித்தப்பா ஆறு சட்டையும் நாலு கால்சராயும் மாட்டிக்கொண்டு வந்தாரே! உருளைக்கிழங்குத் தராசில் அவரையே தூக்கி நிறுத்தியபோது தளமே சிரித்தது, அவரும் சிரித்தார். நோயாளி வந்தால் கடைசியாகச் சீட்டு வாங்கியவர் முணுமுணுக்காமல் இறங்கிக்கொள்வதும், அவருக்கு தளத்து ஓரத்தில் ஹஸ்தகலி அக்காவின் தேநீர்க் கடையில் கம்பெனிச் செலவில் சோறு போடுவதும் வேறு எந்தக் கம்பெனியில் நடக்கும்? அந்தப் பழைய விமானத்துக்கு, வீட்டில் மூன்றாவதாகப் பிறக்கும் பெண்ணைக் கூப்பிடுவதுபோல், சைலி என்று நாம் பெயர் வைத்தோம். நீ மட்டும் அதை உன் சக்களத்தி என்பாய். நான் மறுத்ததே இல்லை.

என் வேலை என்ன? விடிந்ததும் தளத்தின் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்ப்பது. மடத்தின் கூரை, ஆற்று வளைவில் இருக்கும் வெள்ளைப் பாறை, எதிர் முகட்டில் தனியாக நிற்கும் தேவதாரு. மூன்றும் தெரிய வேண்டும். ஒரு கெட்டில் தேநீர் கொதிக்கிற நேரம் நிலைத்துத் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் ரேடியோவில் "திறந்திருக்கு" என்று சொல்லலாம். அங்கே சுர்க்கேத்தில் இருக்கும் விமானி என் ஒரு சொல்லை நம்பிக் கிளம்பி, இந்தக் குறுகல் பள்ளத்தாக்குக்குள் நுழைவார். நுழைந்துவிட்டால் திரும்ப இடம் கிடையாது.

நான் வேலையில் சேர்வதற்கு முன்னால் நடந்ததை உன்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். கம்பெனியின் நாலாவது வருஷம், வேறொரு மலைத் தளத்தில், என்னைப் போல ஒருவர். பெயர் தன்ராஜ். அவருடைய தம்பி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மேலே வருவதற்காகக் கீழே விமானத்துக்குக் காத்திருந்தார்கள். முகூர்த்தம் தவறிவிடுமே என்ற தவிப்பில் "திறந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். மலையில் மோதிப் பதினேழு பேர் போனார்கள். கேப்டன் கார்க்கி அவர் மேல் வழக்குப் போடவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய், அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம். "ஒன்னைய அந்த எடத்துல நிக்க வச்சது நாந்தான்யா. தப்பு என்னோடது" என்றாராம். அன்று அவர் தன் கையால் எழுதியதுதான் எல்லாத் தளங்களிலும் தொங்குகிறது: சொந்தக்காரர் விமானத்துக்குக் காத்திருக்கும் நாளில் ரேடியோவைத் தொடாதே, வேறொருவர் கையில் கொடு. இருபத்திரண்டு வருஷமாக ஒருவரும் அதை மீறவில்லை. தன்ராஜ் இப்போதும் நேபாள்கஞ்சில் நமக்கு மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர்களின் கம்பெனி இது. எனக்கு அதில் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வால்நட் மரத்திலிருந்து சிர்ஜனா விழுந்தது திங்கட்கிழமை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. பாதம் ஜில்லிட்டுப்போக ஆரம்பித்தது. அன்று பூராவும் மழை. செவ்வாய் காலை மேகம் தளத்தையே மூடிக் கிடந்தது. அந்த மேகத்தில் ஹெலிகாப்டரும் வராது. சுகாதார நிலையத்துப் பையன் கட்டுப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனான். நான் ரேடியோவை ஹஸ்தகலி அக்கா கையில் கொடுத்துவிட்டேன். தேநீர்க் கடை நடத்தினாலும் வானம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள்.

செவ்வாய் பதினொரு மணிக்கு மேகம் விலகியது. மடம் தெரிந்தது, பாறை தெரிந்தது. பிறகு தேவதாருவும் தெரிந்தது.

ஆமாம் ஜுனேலி, தெரிந்தது. மூன்றும் தெரிந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

உன் தம்பி மன்பீர் கத்தினான். "அக்கா, சொல்லித் தொலையேன்! புள்ள கெடக்கறது தெரியலையா?" என்றான். ஹஸ்தகலி அக்கா அடுப்பில் கெட்டிலை ஏற்றிவிட்டு, "கொதிக்கட்டும்டா" என்றாள். மன்பீர் என் பக்கம் திரும்பி, "மச்சான், நீங்க ஆம்பளையா? புடுங்குங்க அந்த ரேடியோவ!" என்றான். நான் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். வெளியே விட்டால் அவை போய் ரேடியோவைப் பிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். தேநீர் கொதிப்பதற்குள் மரம் மறைந்துவிட்டது. அன்று மறுபடி தெரியவே இல்லை. புதன் விடியலில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ரச்னா ஆறரை மணிக்கே வந்து இறங்கினாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு வந்திருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் காலைக் காப்பாற்ற முடியவில்லை. "ஒரு நாள் முன்னாடி..." என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். இந்தப் பதினாலு வருஷத்தில் தேநீர் கொதிப்பதற்கு முன்பே நான் "திறந்திருக்கு" என்று சொன்ன நாட்கள் உண்டு. நாலைந்து முறை இருக்கும். அரிசி தீர்ந்துபோன ஊருக்காக ஒரு முறை, யாரோ ஒருத்தியின் பிரசவத்துக்காக ஒரு முறை. ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். ஊராருக்காக நான் செய்த தப்பை என் குழந்தைக்காகச் செய்யவில்லை. நீ என்னை எதற்காக வெறுத்தாலும், இதற்காக வெறுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ரச்னா சீருடையோடு என் பக்கத்தில் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேண்ணா. என்ஜின ஓட விட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். அவளுக்கும் வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. கிளம்பி இங்கே வர முப்பத்தைந்து நிமிடம். மரம் தெரிந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. அவள் வரும் நேரத்தில் மேகம் மறுபடி விலகியிருக்கலாம், யார் கண்டது? தினம் நினைத்துப் பார்க்கிறேன். தூக்கம் வருவதில்லை.

மகளைப் பற்றி நல்ல செய்தி. செயற்கைக் கால் பொருத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேடேறித் தானே போகிறாள். வகுப்பில் ஒருவன் நொண்டி என்று சொல்ல, அந்தக் காலாலேயே உதைத்துவிட்டு வந்தாள். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வெளியே வந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ராத்திரியில் இல்லாத பாதம் அரிக்கிறது என்று அழுகிறாள். அந்த இடத்தில் போர்வையைத் தடவிக்கொடுப்பேன். தூங்கிவிடுவாள்.

மேடு ஏறுகிறாளே தவிர, இறக்கத்தில் பயப்படுகிறாள். அப்போது முன்னால் ஒருவர் கை நீட்டி நிற்க வேண்டும். நேற்று நான் போய் நின்றேன். "நீ வேண்டாம்பா. நீ வானத்தையே பாத்துட்டு நிப்பே. அம்மா வந்தா கைய பிடிச்சு எறங்குவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தசைன் பண்டிகைக்கு வருவதாக இருந்தாய், வரவில்லை. நான் கேட்கவும் இல்லை, கேட்க எனக்கு வாயில்லை. இப்போது கேட்கிறேன். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், திட்டித் தீர்க்க வேண்டுமானால் தளத்தில் எல்லோர் முன்னாலும் நின்று திட்டு. வந்து அவள் கையைப் பிடி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே மழைக்குளிர் தொடங்கிவிட்டது என்றாள் மகள், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

என்றும் உன்,
கோரக்

பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு விடும். அதுவரைக்கும் அவள் மேலேதான் இருப்பாள். பிறகுதான் அந்த இறக்கம்.